ஈகிளை விழுங்கிய லயன்

'லயன்' சிறுவர் வார இதழின் முதல் பிரதி 1952 பிப்ரவரி 23 என்று தேதியிட்டு லண்டனிலிருந்து வெளிவந்தது. அதை வெளியிட்ட அமால்கமேட்டட் பிரஸ், சிறுவர் இதழ்களில் பழம் தின்று கொட்டை போட்ட நிறுவனம். ஆனால் இம்முறை அது இறங்கியது போட்டிக்கு. 1950 ஏப்ரலில் மார்க்கஸ் மோரிஸ் என்ற பாதிரியார் தொடங்கிய 'ஈகிள்' பிரிட்டனின் சிறுவர்களைக் கட்டிப்போட்டிருந்தது. ஃபிராங்க் ஹாம்ப்ஸன் வரைந்த விண்வெளி வீரன் டான் டேர் அதன் அட்டையிலேயே கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் வந்தான். அவனுக்கு எதிராக லயன் நிறுத்திய வீரன் கேப்டன் காண்டார். அச்சிலும் தாளிலும் லயனை ஈகிளின் பக்கத்தில் வைக்கவே முடியாது. சாதாரணச் செய்தித்தாள் காகிதம். உள்ளே படக்கதைகளோடு பத்தி பத்தியாக எழுத்துக் கதைகளும் கணிசமாக இருந்தன.

லயனுக்கு நிலையான முகத்தைக் கொடுத்தது காண்டார் அல்ல, முதல் இதழிலேயே வந்த ஓர் இயந்திர மனிதன். காட்டில் திரியும் ரோபோவாக அறிமுகமான ஆர்ச்சி, டெட் ரிட்சி, கென் டேல் என்ற இரு நண்பர்களின் கையிலிருந்த கட்டுப்பாட்டுப் பெட்டி சொன்னபடி நடந்தான். சில மாதங்களில் அந்தத் தொடர் நின்றுபோனது. 1957-இல் திரும்பி வந்தவன் லயனின் கடைசி ஆண்டு வரை அசையவில்லை. பிற்காலத்தில் அவனுக்குப் பேச்சும் சுயபுத்தியும் வந்தன. கூடவே தற்பெருமையும் வந்தது. சதுரங்கக் காயைப் போன்ற 'கோட்டை' என்ற கால இயந்திரத்தில் மூவரும் நூற்றாண்டுகளைத் தாண்டிப் பயணம் செய்தார்கள்.

இதழின் மிகத் துணிச்சலான படைப்பு 1965 ஜூனில் வந்த ஸ்பைடர். கூரிய காதுகள், கறுப்பு உடை, வலை வீசும் துப்பாக்கி. உலகக் குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாவதே அவன் ஆசை. நல்லவனே நாயகன் என்றிருந்த சிறுவர் இதழில் ஒரு வில்லனை நடுவில் நிறுத்தியதுதான் அந்தக் கதையின் வலிமை. டெட் கோவன் தொடங்கிய தொடரை அடுத்து எழுதியவர் ஜெர்ரி சீகல். ஜோ ஷூஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்து, அதன் உரிமையை 1938-இல் 130 டாலருக்குக் கொடுத்துவிட்ட அதே சீகல்தான். ஸ்பைடரின் எலும்பும் நிழலுமான தோற்றத்தை வரைந்தவர் ரெஜ் பன். இவர்களில் யார் பெயரும் அப்போது இதழில் அச்சாகவில்லை. உழைத்தவரின் பெயரை மறைத்த அந்த வழக்கம் பிரிட்டிஷ் வார இதழ்களின் பெரிய அநீதி.

வார இதழ்களின் ஆயுளைத் தீர்மானித்த இன்னொரு வழக்கம் 'இணைப்பு'. ஒரு பதிப்பகத்தின் இரண்டு இதழ்களில் விற்பனை சரிந்ததை நிறுத்தி, அதன் சிறந்த இரண்டு மூன்று தொடர்களை மட்டும் வலுவான இதழுக்கு மாற்றுவார்கள். மூடிய இதழின் பெயர் கொஞ்ச காலம் அட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும், பிறகு மறைந்துவிடும். பழைய வாசகனைக் கைநழுவ விடாமல் புது இதழுக்குக் கூட்டி வருவதே நோக்கம். லயன் இப்படி 1959-இல் 'சன்', 1966-இல் 'சாம்பியன்' ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டது. கைமாறிக் கைமாறி ஈகிளும் அதே குழுமத்துக்குள் வந்திருந்தது. 1969-இல், எந்த இதழைப் பார்த்து லயன் பிறந்ததோ அந்த ஈகிளே லயனுக்குள் அடங்கியது. 1971-இல் 'தண்டர்' வந்து சேர்ந்தது. பொன்னாலான ஆயுதத்தால் அன்றிச் சாகமுடியாத சாபம் பெற்ற ஆடம் எடர்னோ அதன் வழியாக வந்தவன்.

லயனின் முறையும் வந்தது. 1974 மே மாதத்தோடு அது நிறுத்தப்பட்டு 'வேலியன்ட்' இதழில் இணைக்கப்பட்டது. அந்த வேலியன்டைத் தமிழ் வாசகர்கள் வேறு வழியில் அறிவார்கள். லூயிஸ் கிராண்டெல் என்ற பெயரில் அதன் முதல் இதழிலிருந்தே வந்த நாயகன்தான், 1972-இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழில் 'இரும்புக்கை மாயாவி' ஆனவன்.

1984-இல் அதே சிவகாசியில் எஸ். விஜயன் தொடங்கிய இதழின் பெயரும் லயன் காமிக்ஸ். ஸ்பைடரும் ஆர்ச்சியும் அதில் தமிழ் பேசினார்கள். ஆர்ச்சிக்கு இங்கே கிடைத்த செல்லப் பெயர் 'சட்டித்தலையன்'. லண்டனில் இதழ் நின்று பத்தாண்டு கழித்து, வாரத்துக்குச் சில பக்கங்களாக வந்த கதைகளைத் தமிழ்ச் சிறுவர்கள் ஒரே புத்தகமாக ஒரே மூச்சில் படித்தார்கள்.

2018-இல் லயன் உள்ளிட்ட பழைய இதழ்களின் உரிமை ரெபெல்லியன் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்துக்குப் போனது. அது வெளியிட்ட ஸ்பைடர் தொகுப்பில் கோவன், சீகல், பன் மூவரின் பெயர்களும் அச்சிடப்பட்டிருக்கின்றன.