மட்டை வேண்டாம், பந்து வேண்டாம்: பள்ளி மைதானத்தில் தட்டு வீசி ஆடும் 'டிஸ்க் கோல்ப்'

நெமிலிச்சேரி,

வண்டலூர்-மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் சென்னை-திருவள்ளூர் நெடுஞ்சாலையும் சந்திக்கும் இடம் நெமிலிச்சேரி. ரெயிலில் வந்தால் பட்டாபிராமை அடுத்து, திருநின்றவூருக்கு முன்னால் இறங்க வேண்டும். ஒரு காலத்தில் வயலும் ஏரியுமாக கிடந்த இந்த பக்கம் இப்போது மனை கல் நடாத இடமே குறைவு. பிள்ளைகள் ஓடியாட மிச்சம் இருப்பது பெரும்பாலும் பள்ளிக்கூட மைதானம்தான்.

அந்த மைதானத்திலும் கிரிக்கெட் ஆரம்பித்து விட்டால் கதை முடிந்தது. ஒருவன் பேட் பிடிப்பான், ஒருவன் பந்து போடுவான், கொஞ்ச பேர் பந்து பொறுக்குவார்கள். மற்றவர்கள் வேடிக்கை. மாணவிகள் மரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டு இருப்பார்கள். ஓட்டத்தில் பின்தங்குகிற பையனை எந்த அணியும் சேர்த்துக்கொள்ளாது. விளையாட்டு பீரியட் என்று ஒன்று இருந்தும் பாதி வகுப்பு விளையாடாமலே வீடு திரும்புகிறது.

அந்த பீரியடையும் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. 2023-ம் ஆண்டு அப்போது விளையாட்டுத்துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின், விளையாட்டு வகுப்பை கணிதம், அறிவியல் பாடத்துக்கு கடன் வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் அளவுக்கு அது பெரிய விஷயமாக இருந்தது.

சரி, பீரியட் கிடைத்து விட்டது. வகுப்பு மொத்தமும் ஒரே நேரத்தில் ஆட என்ன விளையாட்டு இருக்கிறது? அதற்கு பொருத்தமான ஒன்றுதான் 'டிஸ்க் கோல்ப்'. பணக்காரர்கள் ஆடும் கோல்ப் பெயர் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். புல்வெளியும் வேண்டாம், மட்டையும் வேண்டாம். ஒரு தட்டு போதும்.

தகர மூடி

இந்த விளையாட்டின் முதல் கதையே ஒரு பள்ளி மைதானத்தில்தான் நடந்தது. கனடா நாட்டில் சஸ்காட்செவன் மாகாணத்தில் பிளாட்வொர்த் என்ற சின்ன ஊர். 1926-ம் ஆண்டு அங்குள்ள தொடக்கப்பள்ளியில் படித்த ரொனால்டு கிப்சன் என்ற சிறுவனும் அவனது நண்பர்களும் பள்ளி மைதானத்தில் மணல் பாங்கான இடங்களில் 4 அடி அகலத்துக்கு வட்டம் போட்டார்கள். டப்பாக்களின் தகர மூடியை எடுத்து வட்டத்துக்குள் விழும்படி வீசினார்கள். அதற்கு 'தகர மூடி கோல்ப்' என்று பெயரும் வைத்தார்கள். செலவு ஒரு காசு கிடையாது.

நம்மூரில் குழியில் கோலி குண்டு போட்டவர்களுக்கும், ஏரித் தண்ணீரில் ஓட்டாஞ்சில்லை மட்டமாக வீசி தத்தித் தத்தி போகவிட்டவர்களுக்கும் இது ஒன்றும் புதிது அல்ல. இரண்டையும் சேர்த்தால் டிஸ்க் கோல்ப்.

அதன் பிறகு வெகு காலம் கழித்துத்தான் பிளாஸ்டிக் தட்டு வந்தது. அமெரிக்காவில் 1957-ம் ஆண்டு 'வாம்-ஓ' என்ற கம்பெனி அதை விற்க ஆரம்பித்தது. 'பிரிஸ்பீ' என்ற பெயர் ஒரு பலகாரக் கடையில் இருந்து வந்தது. பிரிஸ்பி என்ற கம்பெனி 'பை' என்னும் பலகாரத்தை தகரத் தட்டில் வைத்து விற்றது. தின்று முடித்த மாணவர்கள் காலி தட்டை வீசி விளையாடினார்கள். அந்த பெயர் ஒட்டிக்கொண்டது.

சாம்பலும் தட்டானது

அதே வாம்-ஓ கம்பெனியில் வேலை பார்த்த எட் ஹெட்ரிக் என்பவர்தான் விளையாட்டுக்கு ஒரு ஒழுங்கை கொண்டுவந்தார். 1975-ம் ஆண்டு கலிபோர்னியாவில் ஓக் குரோவ் என்ற பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். ஆரம்பத்தில் வெறும் கம்பம்தான் இலக்கு. தட்டு கம்பத்தில் பட்டதா, படவில்லையா என்று தகராறு வந்தது. நம்மூரில் 'அவுட்டு', 'இல்லை' என்று மல்லுக்கட்டுவது போலத்தான். அதற்கு முடிவு கட்ட ஹெட்ரிக் தன் மகனோடு சேர்ந்து கம்பத்தில் இரும்புச் சங்கிலிகளை தொங்கவிட்டு, கீழே ஒரு கூடையை பொருத்தினார். வேகமாக வரும் தட்டு சங்கிலியில் மோதி வேகம் செத்து கூடைக்குள் விழும். 'கலகல' என்று சத்தமும் வரும். தகராறுக்கு இடமில்லை. 1977-ல் இதற்கு காப்புரிமை வாங்கினார். இன்று உலகம் முழுவதும் இருப்பது அந்த கூடைதான்.

2002-ம் ஆண்டு ஹெட்ரிக் இறந்தார். அவரது விருப்பப்படி அவரது சாம்பலை பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்து விட்டார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

இன்று இது சின்ன விளையாட்டு அல்ல. 2021-ம் ஆண்டு பால் மெக்பெத் என்ற அமெரிக்க வீரருடன் தட்டு தயாரிக்கும் கம்பெனி ஒன்று 10 ஆண்டுகளுக்கு 1 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. தட்டு வீசுவதில் உலக சாதனை தூரம் 338 மீட்டர். 2016-ல் நெவாடா பாலைவனத்தில் பலத்த காற்றின் துணையோடு டேவிட் விக்கின்ஸ் என்ற வாலிபர் வீசினார். நெமிலிச்சேரி வழியாக போகும் 12 பெட்டி மின்சார ரெயிலை நீளவாக்கில் தாண்டிப் போகும் தூரம் அது.

சென்னையில் தட்டு விளையாட்டு என்றால் பலருக்கும் பெசன்ட் நகர் கடற்கரைதான் நினைவுக்கு வரும். ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஓடி ஓடி ஆடும் அந்த விளையாட்டு 'அல்டிமேட் பிரிஸ்பீ'. அந்த தட்டின் எடை 175 கிராம். சென்னை அணி ஒன்றைப் பற்றி அதே பெயரில் எடுத்த '175 கிராம்ஸ்' குறும்படம் 2015-ல் அமெரிக்காவின் சன்டான்ஸ் பட விழா வரை போனது. அதற்கு ஓட்டமும் மூச்சும் வேண்டும். டிஸ்க் கோல்புக்கு நடக்கத் தெரிந்தால் போதும்.

6 இலக்கு, ஒரு பீரியட்

எப்படி ஆடுவது? சாதாரண பள்ளி மைதானம் ஒன்றை மனதில் வைத்துக்கொள்வோம். பெரிய மைதானங்களில் 18 இலக்கு இருக்கும். புதிதாக பழகுகிறவர்களுக்கு 6 போதும். ஒவ்வொன்றும் 30 முதல் 50 மீட்டர் தூரம்.

முதல் இலக்கு கொடிக்கம்பத்தில் ஆரம்பித்து வேப்பமரம். நேர் வழி, 35 மீட்டர். வேப்பமரத்தில் இருந்து கோல் போஸ்ட் 2-வது. அங்கிருந்து தண்ணீர் தொட்டியை சுற்றி வளைத்து விட வேண்டியது 3-வது. இதுதான் கஷ்டமான இடம். நேராக வீசினால் தொட்டியில் முட்டிக்கொண்டு விழும். 4, 5 இரண்டும் மதில் ஓரமாக. தட்டு மதிலைத் தாண்டினால் 1 வீச்சு தண்டம். 6-வது மறுபடி கொடிக்கம்பம் பக்கத்தில் முடியும்.

சங்கிலிக் கூடை இல்லையே என்றால் கவலை வேண்டாம். ஹெட்ரிக்குக்கும் முதலில் இல்லை. மரத்தில் ஒரு துணியை கட்டி, அதன் கீழே பட்டால் கணக்கு என்று வைக்கலாம். கழியில் பழைய சைக்கிள் டயரை கட்டி தொங்கவிடலாம். பிளாஸ்டிக் அன்னக்கூடையை 3 கழியில் கட்டினால் அதுவும் இலக்குதான்.

விதி சுலபம். தொடங்கும் கோட்டில் நின்று வீச வேண்டும். தட்டு எங்கே விழுந்ததோ அதற்கு பின்னால் காலை ஊன்றி அடுத்த வீச்சு. இலக்கில் விழும் வரை எத்தனை வீச்சு என்று எண்ணிக்கொள்ள வேண்டும். யார் தூரத்தில் இருக்கிறாரோ அவர்தான் அடுத்து வீச வேண்டும். இலக்குக்கு 10 மீட்டருக்குள் வந்து விட்டால், வீசிய கையோடு முன்னால் விழுந்தடித்து ஓடக்கூடாது. நிலையாக நின்று காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும்.

ஒரு இலக்குக்கு 3 வீச்சு என்பது கணக்கு. 6 இலக்குக்கு 18. ஒரு மாணவி 3, 4, 2, 5, 3, 3 என்று முடித்தால் மொத்தம் 20. அதாவது 2 அதிகம். கிரிக்கெட்டுக்கு நேர் எதிர். எண்ணிக்கை குறைந்தவருக்குத்தான் வெற்றி. இதில் நடுவர் பெரும்பாலும் கிடையாது. தன் கணக்கை தானே சொல்ல வேண்டும், கூட வருபவர்கள் சரிபார்ப்பார்கள்.

இலக்குக்கு 5 பேர் வீதம் 6 இடத்திலும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தால் 30 பேர் ஆடலாம். யாரும் மரத்தடியில் உட்கார வேண்டியதில்லை. ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வருகிற பையன் இதில் முதலாவதாக வரலாம். கை பலத்தை விட நிதானம்தான் இங்கே பேசும்.

மூக்கு தூக்கினால் போச்சு

வீசுவதில்தான் சூட்சுமம். தட்டின் மேல் கட்டை விரல், அடியில் மற்ற 4 விரல்களையும் மடக்கி விளிம்பை பிடிக்க வேண்டும். இலக்குக்கு பக்கவாட்டில் நின்று, தட்டை நெஞ்சுக்கு குறுக்கே நேர்க்கோட்டில் இழுத்து, கடைசியில் மணிக்கட்டை சுண்டி விட வேண்டும்.

அந்த சுண்டலில்தான் தட்டு சுழல்கிறது. பம்பரம் சுழலும் வரை நிற்கிறது, சுழற்சி குறைந்தால் சாய்கிறது. தட்டும் அதே மாதிரிதான். வலது கைக்காரர் இப்படி வீசினால் வேகம் குறையும்போது தட்டு இடது பக்கம் இறங்கும். இடது கைக்காரருக்கு வலது பக்கம். இது தெரியாமல் நேராக குறி பார்த்து விட்டு 'தட்டு சரியில்லை' என்று சொல்வது எல்லா ஊரிலும் உண்டு.

புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு, தட்டின் முன் விளிம்பை மேலே தூக்கி வீசுவது. தட்டு வானத்தை பார்த்து ஏறி, நின்று, 'தொப்'பென்று பக்கத்திலேயே விழும். மட்டமாக வீசினால் பாதி பலத்திலேயே இரட்டிப்பு தூரம் போகும். மாலையில் கடல் பக்கம் இருந்து கிழக்குக் காற்று வரும்போது அதை எதிர்த்து வீசினால் இந்த தப்பு இன்னும் பெரிதாக தெரியும்.

தட்டுகளில் 3 வகை உண்டு. தூரத்துக்கு கூர்மையான விளிம்பு உள்ள 'டிரைவர்', நடுத்தர தூரத்துக்கு ஒன்று, பக்கத்தில் போட 'பட்டர்'. பிள்ளைகள் டிரைவர் பக்கமே போக வேண்டாம். அது வேகம் இருந்தால்தான் பறக்கும், பட்டால் அடியும் பலமாக விழும். பட்டர் ஒன்றே 6 இலக்குக்கும் போதும். பொம்மைக் கடை பிரிஸ்பீயில் ஆரம்பித்தாலும் குறைவில்லை. காற்று அடித்தால் மட்டும் அது சொன்ன பேச்சு கேட்காது.

ஒரு எச்சரிக்கை. முன்னால் ஆள் இருந்தால் வீசவே கூடாது. தட்டு தப்பிப் போனால் 'தலை, தலை' என்று கத்த வேண்டும். வகுப்பறை ஜன்னலை பார்த்து எந்த இலக்கையும் வைக்கக்கூடாது. சின்ன வகுப்பு பிள்ளைகள் குறுக்கே ஓடும் இடைவேளை நேரத்தில் ஆட்டமே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மைதானத்தில் தண்ணீர் நின்றால் 2, 3 இலக்கை வேறு பக்கம் மாற்றிக்கொள்ளலாம். கழியை பிடுங்கி நட எவ்வளவு நேரம் ஆகும்?

தட்டு வேப்பமரத்தில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதுதான் பையன்கள் முதலில் கேட்கும் கேள்வி. அது தொங்கும் இடத்துக்கு நேர் கீழே நின்று அடுத்த வீச்சை வீசலாம், தண்டம் கிடையாது. மரத்தில் இருப்பதை இறக்க கல் விட்டு எறியாமல், ஒட்டடைக் கம்பு ஒன்றை வாட்ச்மேனிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.