இரண்டு ஆண்டு காத்திருந்த கவச வண்டி

ஈராக் போரில் அமெரிக்கப் படையினரை அதிகம் பலிகொண்டவை சாலையோரக் குண்டுகள். அவர்கள் சென்ற ஹம்வீ வண்டியின் அடிப்பாகம் தட்டையானது. கீழே குண்டு வெடித்தால் அதன் வேகம் முழுதும் உள்ளே இருப்பவர்கள் மீதே பாயும். அடிப்பாகத்தை ஆங்கில ‘வி’ எழுத்துபோல் சரித்து அமைத்தால் அந்த வேகம் இருபுறமும் சிதறிவிடும். தென்னாப்பிரிக்கா 1970-களிலேயே கையாண்ட வழி இது. ‘எம்ராப்’ எனப்படும் இவ்வகை வண்டிகள் அவசரமாக வேண்டும் என்று 2005 பிப்ரவரியில் மரைன் படையினர் எழுதிக் கேட்டார்கள். கோரிக்கை கிடப்பில் கிடந்தது. 2007 மே மாதம், பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் இதற்கே முதலிடம் என்றார். பல நிறுவனங்களுக்கு ஒரே சமயத்தில் ஆர்டர் போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ஈராக் சேர்ந்தன. சில மாதங்களில் முடியக்கூடிய வேலைக்கு இரண்டு ஆண்டுகள் காக்கவைத்தது மன்னிக்க முடியாத தாமதம்.