எண்ணூறு நாள்களை இடம் மாற்றினோம்

ஒரு தொட்டியில் 460 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அதை 2000 லிட்டர் கொள்ளும் பெரிய தொட்டிக்கு மாற்றுகிறோம். இருபதில் ஒரு பங்கு மாற்றுவதற்குள் பெரிய தொட்டி நிரம்பி வழிகிறது! நடக்குமா? தண்ணீருக்கு நடக்காது. ஆனால் கணிப்பொறித் தகவலுக்கு நடக்கும். காரைக்காலை அடுத்த கோவில்பத்தில், என் வீட்டு மேசையின்மீதே நடந்தது.

முதலில், மாற்ற வேண்டிய தேவை எப்படி வந்தது என்று சொல்கிறேன். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு மழைமானி உண்டு. என் மாணவர்கள் முறைவைத்து நாள்தோறும் காலையில் அளவைக் குறித்து, கணிப்பொறியில் அட்டவணையாக ஏற்றுவார்கள். ஓர் ஆண்டு முடிந்த ஜனவரியில், அவர்களில் ஒருவர் மழையளவுப் பத்தியை மட்டும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்திச் சேமித்துவிட்டார். தேதிப் பத்தி அசையவில்லை. மழை மட்டும் இடம் மாறிவிட்டது.

ஐந்து மாதம் யாருக்கும் இது தெரியவில்லை. ஏன் தெரியுமா? நம் கடற்கரைக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. வரிசைப்படுத்தியபோது சுழிகள் எல்லாம் ஜனவரி முதலான மாதங்களிலும், பெரிய எண்கள் நவம்பர், டிசம்பரிலும் போய் அமர்ந்தன. பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது! ஜூன் மாதத்தில் வரைபடம் போட்ட மாணவி ஒருத்திதான், "சார், கடைசி இரண்டு மாதமும் நேற்றைவிட இன்று கொஞ்சம் கூடுதல் என்றே பெய்திருக்கிறதே?" என்று கேட்டாள். மழை அப்படிப் படிக்கட்டு கட்டிப் பெய்யாது அல்லவா? கையெழுத்துக் குறிப்பேட்டைத் தேடினோம். அதைக் கரையான் முன்பே படித்து முடித்திருந்தது.

எங்களைக் காப்பாற்றியது கணிப்பொறியோடு இணைத்திருந்த 500 கிகாபைட் வெளித் தட்டு. அதில் இருந்தது வெறும் நகல் அன்று, நகல்களின் வரலாறு. இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். நேற்றைய நகலின்மேல் இன்றைய நகலை எழுதும் முறையாக இருந்தால், கெட்ட அட்டவணைதான் ஐந்து மாதமாக ஒழுங்காக நகலாகி வந்திருக்கும். வரலாறு இருந்ததால் ஜனவரிக்கு முந்தைய நாள் ஒன்றைத் திறந்து நல்ல அட்டவணையை எடுத்துக்கொண்டோம்.

அப்படி 800 நாள்கள் சேர்ந்தபோது தட்டு நிரம்பும் நிலைக்கு வந்தது. 2 டெராபைட், அதாவது 2000 கிகாபைட் தட்டு ஒன்று வாங்கினேன். (500 கிகாபைட் தட்டைச் சில கணிப்பொறிகள் 465 என்று காட்டும். கடைக்காரரைச் சந்தேகிக்காதீர்கள். தயாரிப்பாளர் கிகா என்பதை 100 கோடியாகக் கொள்கிறார். கணிப்பொறியோ 2-ஐ 30 முறை பெருக்கிவரும் எண்ணாகக் கொள்கிறது. வகுத்துப் பாருங்கள்.) பழைய தட்டின் கோப்புறைகளை எல்லாம் தேர்ந்து, புதியதில் ஒட்டச் சொல்லிவிட்டுப் படுக்கப் போனேன். மறுநாள் பார்த்தால், 33ஆம் நாளின் பதிவோடு புதிய தட்டு நிரம்பி நின்றுவிட்டது!

காரணம் ஒரு கணக்கில் இருக்கிறது. என் கோப்புகளின் மொத்த அளவு சுமார் 60 கிகாபைட். ஒரு நாளில் மாறுவதும் புதிதாகச் சேர்வதும் சுமார் அரை கிகாபைட். முதல் நாள் 60, பிறகு நாளுக்கு அரை என்று 800 நாளுக்கு 400. ஆக 460 கிகாபைட். ஆனால் எந்த நாளின் கோப்புறையைத் திறந்தாலும் அதில் 60 கிகாபைட்டும் முழுமையாகத் தெரியும். மாறாத கோப்பு மறுபடி எழுதப்படுவதில்லை. பழைய கோப்புக்கே இன்னொரு பெயர் இடப்படுகிறது. அவ்வளவுதான்.

வகுப்பு வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 60 மாணவர்கள், 200 பள்ளி நாள்கள். பதிவேட்டில் 12,000 வருகைகள் இருக்கும். ஆனால் வகுப்பில் இருப்பவர் 60 பேர்தாம். விவரம் அறியாத ஒருவர் பதிவேட்டைப் பார்த்து, வருகைக்கு ஒரு மாணவர் என்று பெஞ்சு போடத் தொடங்கினால் பள்ளி தாங்குமா? நான் கொடுத்த கட்டளை அதைத்தான் செய்தது. 800 நாள், நாளுக்கு 60 கிகாபைட். மொத்தம் 48,000 கிகாபைட். அதற்கு 2000 எம்மாத்திரம்?

ஒரு தகவலுக்குப் பல பெயர்கள் இருக்கும் இந்த ஏற்பாட்டுக்கு 'ஹார்டு லிங்க்' என்று பெயர். கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய யுனிக்ஸிலேயே, 1970களின் தொடக்கத்திலேயே, இது உண்டு. யுனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் கோப்பின் உண்மையான அடையாளம் ஓர் எண். பெயர் என்பது அந்த எண்ணைச் சுட்டும் சீட்டு. எத்தனை சீட்டுகள் ஓர் எண்ணைச் சுட்டுகின்றன என்ற கணக்கும் வைக்கப்படும். பெயரை அழித்தால் கணக்கில் ஒன்று குறையும். கணக்கு சுழியானால்தான் இடம் காலியாகும். ஆகவே முதல் நாள் கோப்புறையை அழித்தாலும், 800ஆம் நாள் வரை மாறாத கோப்பு பிழைத்திருக்கும். அழகான ஏற்பாடு அல்லவா? ஆப்பிள் நிறுவனம் 2007இல் வெளியிட்ட 'டைம் மெஷின்' இதை ஒரு படி மேலே கொண்டுபோய், மாறாத கோப்புறைகளுக்கே இப்படி மறுபெயர் இட்டது.

சரி, வரலாற்றை எப்படித்தான் நகர்த்துவது? லினக்ஸ் வைத்திருப்போர் 'ஆர்சிங்க்' என்னும் நிரலுக்குப் பெரிய 'எச்' எழுத்தைக் கொடுத்து, தொடர்புகளைக் காப்பாற்றும்படி கட்டளையிடலாம். எந்தப் பெயர் எந்த எண்ணுக்கு உரியது என்பதை அது நினைவில் வைத்தபடியே நகலெடுக்கும். ஆனால் 800 நாள்களையும் ஒரே கட்டளையில் தரவேண்டும். ஆண்டு வாரியாகப் பிரித்துத் தந்தால், பிரிவுகளுக்கு இடையே உள்ள தொடர்பு அறுந்துவிடும்.

இதிலும் ஒரு தொல்லை உண்டு. அது நம் இயற்பியல் பாடம். இத்தகைய வெளித் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி. வேண்டிய தகவல் காந்த முனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். முனையைத் தாங்கும் கை நகரும் நேரம் வேறு. ஒரு தேடலுக்கு 10 மில்லி நொடி என்றே வைப்போம். என்னிடம் 50,000 கோப்புகள். 800 நாளுக்கு 4 கோடிப் பெயர்கள். பெயருக்கு ஒரு தேடல் என்றால் 4 லட்சம் நொடி, அதாவது நாலரை நாளுக்கு மேல்! ஐப்பசி மாதத்தில், மின்சாரம் வந்து வந்து போகும் ஊரில், இதை யார் தொடங்குவார்?

ஆகவே நான் வேறு வழியில் போனேன். பெயரையும் கோப்பையும் கவனிக்காமல், தட்டின் முதல் பிட்டிலிருந்து கடைசிப் பிட்டு வரை அப்படியே புதியதில் படியெடுப்பது. முனை அலையாமல் வரிசையாகப் படித்துக்கொண்டே போகும். என் பழைய தட்டு யு.எஸ்.பி. 2 வகை, நொடிக்கு 35 மெகாபைட் தந்தது. 5,00,000-ஐ 35ஆல் வகுத்தால் ஏறத்தாழ 14,300 நொடி. நான்கு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. பெயர்கள், எண்கள், தொடர்புக் கணக்குகள் எல்லாம் இருந்தபடியே வந்து சேர்ந்தன.

ஆனால் இந்த முறையில் கை தவறினால் மீட்சி இல்லை. எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிச் சொல்லிவிட்டால், வெற்றுத் தட்டு வரலாற்றின்மேல் படியெடுக்கப்பட்டுவிடும்! அதனால் தட்டுகளின்மேல் 'பழையது', 'புதியது' என்று காகிதம் ஒட்டினேன். சிரிக்காதீர்கள், கட்டளையைத் தட்டச்சு செய்தபின் மூன்று முறை படித்தும் பார்த்தேன். அன்றாட நகலெடுப்பையும் அந்த நேரத்துக்கு நிறுத்தி வைத்தேன். முடிந்ததும் புதிய தட்டும் தன்னை 500 கிகாபைட் என்றே சொல்லும். பிரிவை விரித்துத்தான் மீதி இடத்தைப் பெறவேண்டும். இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றே ஆகிவிடுவதால், இரண்டையும் சேர்த்துச் செருகினால் கணிப்பொறி குழம்பும்.

நகல் சரிதானா என்று எப்படி அறிவது? கோப்பின் எல்லாப் பிட்டுகளையும் கொண்டு 256 பிட்டுள்ள ஓர் எண்ணைக் கணக்கிடும் முறை உண்டு. மூலத்தில் ஒரு பிட்டு மாறினாலும் விடை அடியோடு மாறும். பிரிவை விரிக்குமுன் இரு பக்கமும் கணக்கிட்டேன்; ஒன்றாக இருந்தது. இருந்தும் மனம் ஆறாமல், கெட்ட அட்டவணைக்கு முந்தைய நாளைப் புதிய தட்டில் திறந்தும் பார்த்தேன்.

நம் முன்னோரும் இதே வேலையைச் செய்தவர்கள்தாம். பனையோலை நிலையாக இராது. பூச்சி அரிக்கும், ஓரம் முறியும். ஆகவே புதிய ஏட்டில் படியெடுத்தார்கள். ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கமும் இருந்தது. படியெடுக்காமலே விட்டவர்களும் உண்டு என்பதுதான் வருத்தம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படி இல்லாதவையும் இருந்தன.

எனவே பழைய தட்டை நான் அழிக்கவில்லை. வீட்டிலும் வைக்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை காரைக்கால் கடற்கரையைத் தாக்கியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு படிகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தால், வெள்ளத்துக்கு அவை ஒரே படிதான். பழைய தட்டு இப்போது திருவாரூரில் என் அக்கா வீட்டு இரும்பு அலமாரியில், பட்டுப் புடவைகளுக்கு நடுவே இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது எடுத்துச் செருகி, சுழல்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.