கல்லாவில் கை வைத்தால் என்ன ஆகும்?

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்தை ஒட்டி இருக்கும் கடை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். ருத்திராட்சம், ஊதுவத்தி, காவி வேட்டி, பருத்திப் பை, சட்டம் போட்ட மலைப் படம் என்று சரக்கு. 400 ரூபாய் ருத்திராட்ச மாலை ஒன்றை, வாங்க வந்தவர் ஒருவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிடுகிறார். இன்னொரு நாள் அதேபோன்ற மாலையை அந்தக் கடையில் வேலை பார்க்கும் இளைஞர் வீட்டுக்கு எடுத்துப் போகிறார். பொருளும் விலையும் ஒன்றுதான். ஆனால் சட்டம் இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதில்லை.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதன் 303-ஆம் பிரிவு சாதாரணத் திருட்டைப் பற்றியது. முதல் முறையென்றால் உச்ச தண்டனை 3 ஆண்டு சிறை. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் முறை தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சிறைக்குப் பதில் சமூக சேவைதான் தண்டனை. அந்தத் தொகைக்குக் கீழ் என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரணையில் இறங்க முடியாது. ஜாமீனும் உரிமையாகவே கிடைக்கும். ஆக, வாங்க வந்தவர் அகப்பட்டாலும் பெரும்பாலும் தப்பிப் பிழைப்பார்.

கடைப் பையனின் கதை வேறு. எழுத்தரோ பணியாளரோ முதலாளியின் வசமுள்ள பொருளைத் திருடினால் 306-ஆம் பிரிவு. 7 ஆண்டு வரை சிறை, அபராதமும் சேர்த்து. போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். ஜாமீனை நீதிமன்றத்தில்தான் கேட்டுப் பெற வேண்டும். 5,000 ரூபாய்ச் சலுகை இந்தப் பிரிவில் எழுதப்படவே இல்லை. நம்பி உள்ளே விட்டவருக்குச் செய்த துரோகம் என்பதால் இந்தக் கடுமை. அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் 400 ரூபாய் மாலைக்கு வெளியாளுக்குச் சமூக சேவை, மாதச் சம்பளத்துக்கு நிற்கும் பையனுக்கு ஏழாண்டுப் பிரிவு என்பதில் மனம் ஒப்பவில்லை. முதல் தவறுக்கான அந்தச் சலுகையைச் சட்டம் இயற்றியவர்கள் 306-க்கும் நீட்டியிருக்க வேண்டும்.

கல்லா இன்று வெறும் பெட்டியாக இல்லை. கடையின் க்யூஆர் அட்டைக்குப் பதில் தன் சொந்தக் கணக்கின் அட்டையை நீட்டுவது, பில் போடாமல் பணம் வாங்குவது, போட்ட பில்லைப் பிறகு அழிப்பது எல்லாம் அதே வகைதான். பொறுப்பில் விடப்பட்ட பணத்தைத் தனக்காக்கிக்கொண்டால் அது நம்பிக்கை மோசடி. பணியாளர் செய்தால் 316(4) பாயும். அதற்கும் உச்சம் 7 ஆண்டுதான். இதில் பணமோ சரக்கோ அவர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது என்பதைக் கடைக்காரர் நிரூபிக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தை ஏமாற்றும் நோக்கத்தோடு திருத்தியிருந்தால் 344-ஆம் பிரிவும் கூட வரும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, அகப்பட்டால் அன்றே சிறை என்று நினைக்க வேண்டாம். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது என்று அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. கைது தேவையில்லாதபோது, விசாரணைக்கு வரச் சொல்லி போலீஸ் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-ஆம் பிரிவில் அது இருக்கிறது. கைது செய்தே ஆக வேண்டும் என்றால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குற்றம் நிரூபணமான பிறகும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, முன்பு தண்டனை பெறாதவரைக் கண்டித்து அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. எந்தெந்தக் குற்றங்களுக்கு என்று எண் போட்டுச் சொல்லும் அந்தப் பிரிவில், பணியாளர் திருட்டுக்கான பழைய தண்டனைச் சட்டத்தின் 381-உம் இடம்பெற்றிருக்கிறது. இப்படி விடுவிக்கப்பட்டவருக்கு அந்தத் தீர்ப்பால் வேறு தகுதியிழப்பு வரக் கூடாது என்று 12-ஆம் பிரிவு சொல்கிறது.

முதல் குற்றவாளியிடம் நீதிமன்றம் காட்டும் இந்தப் பொறுமை பல கடைகளின் பின்னறையில் இருப்பதில்லை. சொல்ல வேண்டியது அதிகம் இருப்பது இங்கேதான்.

திருட்டு தெரிந்த முதல் இரண்டு மணி நேரத்தில் ஷட்டர் பாதி இறங்கும். செல்போன் பறிமுதல் ஆகும். பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். கன்னத்தில் இரண்டு விழும். அப்புறம் ஒரு வெள்ளைத் தாள் வரும். “எழுதிக் கொடுத்துட்டுப் போ, போலீஸுக்குப் போக மாட்டோம்” என்பார்கள். சிசிடிவியில் தெரிந்தது ஒரு மாலை என்றால், தாளில் ஆறு மாதச் சரக்குக் குறைவு முழுவதும் ஏறிவிடும்.

இந்தக் காட்சியின் ஒவ்வொரு அசைவுக்கும் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது. வெளியே போக விடாமல் அடைத்து வைப்பது நியாய சன்ஹிதாவின் 127-ஆம் பிரிவின்படி குற்றம். ஒப்புக்கொள்ள வைக்கவோ, பொருளைத் திருப்பித் தர வைக்கவோ அடித்துக் காயப்படுத்தினால் 120-ஆம் பிரிவு. அதன் உச்ச தண்டனையும் 7 ஆண்டு. திருடியவருக்கும் அடித்தவருக்கும் ஒரே அளவுகோல். பெண் ஊழியரின் உடலைச் சோதிக்கும் அதிகாரம் முதலாளிக்கு இல்லவே இல்லை. பயமுறுத்தி வெற்றுத்தாளிலோ புரோநோட்டிலோ கையெழுத்து வாங்குவது மிரட்டிப் பறிப்பு என்ற குற்றத்துக்குள் போகும். ஊழியரின் படத்தைத் “திருடி” என்று எழுதி வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அவதூறு வழக்கைச் சந்திக்க நேரிடும்.

எழுதி வாங்கிய அந்தத் தாளாவது உதவுமா? மிரட்டலாலோ ஆசை வார்த்தையாலோ வாக்குறுதியாலோ பெற்ற ஒப்புதல் செல்லாது என்பது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 22-ஆம் பிரிவு. “போலீஸுக்குப் போக மாட்டோம்” என்ற அந்த ஒரு வாக்கியமே தாளின் மதிப்பைக் கெடுக்கப் போதும். போலீஸிடம் சொன்ன ஒப்புதலையும் நீதிமன்றத்தில் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படுத்த முடியாது.

கடைக்காரரின் வலியும் சின்னதல்ல. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கூட்டம் நகரும்போது கல்லாவை எண்ண நேரம் இருக்காது. நம்பிக்கையில்தான் கடை நடக்கும். அவர் செய்ய வேண்டியதைச் சட்டம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கண்ணெதிரே பணியாளர் திருட்டு நடந்தால் தனி மனிதரும் பிடித்து வைக்கலாம். ஆனால் தேவையில்லாத தாமதம் கூடாது, 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்தாக வேண்டும். பதிவைப் பார்த்துப் பிறகு தெரிந்துகொண்டதென்றால் பிடிப்பதை விட்டுவிட்டு எழுத்தில் புகார் கொடுத்து, சிஎஸ்ஆர் ரசீதோ எஃப்ஐஆர் நகலோ வாங்க வேண்டும். சிசிடிவி பெட்டி பழைய பதிவின் மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். அதனால் உடனே தனியாக எடுத்து வைத்து, சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு கொடுத்தால்தான் அது நீதிமன்றத்தில் நிற்கும். ஸ்டாக் புத்தகமும் பில்லும் எழுதி வாங்கிய தாளைவிட எவ்வளவோ வலுவானவை.

பேசி முடித்துக்கொள்ள முடியாதா என்ற கேள்வி எப்போதும் வரும். இந்தப் பகுதிக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சம்பவம் இதற்குப் பதில் சொல்லும். 1924 ஜூன் 26 இரவு ரமணாசிரமத்துக்குள் கொள்ளையர் புகுந்தார்கள். ரமணரையும் தொடையில் அடித்தார்கள். திருப்பி அடிக்கக் கிளம்பிய சீடர்களை அவர் தடுத்துவிட்டார். வேண்டியதை எடுத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டார். ஆனாலும் போலீஸ் வந்து விசாரித்தது. சில நாளில் ஆட்கள் பிடிபட்டுச் சிறைக்குப் போனார்கள். இழந்தவர் மன்னித்துவிட்டாலும், பதிவான குற்றம் அரசின் வழக்கு. பணியாளர் திருட்டில் கடைக்காரர் சமரசம் செய்யலாம். ஆனால் நீதிமன்ற அனுமதியோடுதான். ஸ்டேஷன் வாசலில் கை குலுக்கிக்கொள்வது வழக்கை முடிக்காது. வழக்கு நிலுவையில் இருக்கும்வரை பாஸ்போர்ட் கேட்டால் நீதிமன்ற அனுமதி கொண்டு வரச் சொல்வார்கள். வெளிநாட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞருக்குச் சிறையைவிட இதுவே பெரிய அடியாக இருக்கும்.

வேலை போவது தனி விஷயம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-ஆம் பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைக் காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நிறுத்த முடியாது. திருட்டு போன்ற ஒழுங்கீனத்துக்கு நோட்டீஸ் தேவையில்லை. ஆனால் விசாரணை நடத்திச் சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். விசாரணையில் நிரூபணமாகிவிட்டால் தொகை சின்னது என்ற வாதம் எடுபடாது. கர்நாடகத்தின் தென் கன்னட மாவட்டத்தில் கூட்டுறவு அங்காடியான ஜனதா பஜார் ஊழியர்கள் வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் அதைத்தான் சொன்னது. கையாடல் நிரூபணமான பிறகும் அவர்களை வேலையில் சேர்க்கச் சொன்ன தொழிலாளர் நீதிமன்ற உத்தரவு ரத்தானது. குற்ற வழக்கில் விடுதலையானாலும் வேலை தானாகத் திரும்பி வராது. இரண்டுக்கும் நிரூபிக்கும் அளவு வேறு.

உழைத்த நாளுக்கான சம்பளத்தை அப்படியே நிறுத்தி வைப்பது மட்டும் கூடாது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, இழப்புக்காகப் பிடிக்கும் முன் ஊழியருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வேலையை விட்டு நீக்கினால் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடித்துக் கொடுக்க வேண்டும்.

சீசன் வேலைக்கு வந்த பிள்ளைக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால் வழக்கு சிறார் நீதி வாரியத்துக்குத்தான் போகும். ஸ்டேஷன் லாக்கப்பில் வைக்கவே கூடாது.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தொலைபேசி எண் 15100. காவலில் இருப்பவர்களுக்கும் பெண்களுக்கும் அங்கே வருமான வரம்பு கிடையாது. கடைகளில் நிற்கும் பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று இந்தச் சாலையில் நடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.