ஜிஞ்சர் (சொற்பிறப்பு)

ஜிஞ்சர் என்பது இஞ்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகும். தமிழின் "இஞ்சி வேர்" என்பதே நேரடியாக ஆங்கிலத்துக்குச் சென்று இவ்வாறு திரிந்தது எனச் சொல்லப்படுவதுண்டு. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அது நேரடியானதன்று. பல மொழிகளைக் கடந்த பின்னரே இச்சொல் ஆங்கிலத்தை அடைந்தது.

ஆங்கிலத்திலிருந்து பின்னோக்கி

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் "ஜிஞ்சிஃபர்" என்னும் வடிவில் இருந்தது. பின்னர் பழைய பிரெஞ்சு வடிவமும் இதன்மேல் செல்வாக்குச் செலுத்தியது. இரண்டுக்கும் மூலம் இலத்தீன். இலத்தீனுக்கு மூலம் "ஸிங்கிபெரிஸ்" என்னும் கிரேக்கச் சொல். கி.பி. 1ஆம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் தியோசுக்கோரிடீசும் உரோமானிய அறிஞர் பிளினியும் இஞ்சியைப் பற்றி எழுதியுள்ளனர். இஞ்சி அரேபியாவில் விளைவதாகவே பிளினி குறிப்பிட்டார். விளைந்த நாடு தெரியாதபோதும், பொருளோடு அதன் இந்தியப் பெயரும் மேற்கே சென்றுவிட்டது.

கிரேக்கச் சொல் பாளியின் "சிங்கிவேர" போன்ற ஒரு நடு இந்திய-ஆரிய வடிவத்திலிருந்து வந்தது. சமசுகிருத வடிவம் "சிருங்கவேர" என்பதாகும். "சிருங்க" என்றால் கொம்பு; எனவே கொம்பு போன்ற வடிவமுடையது என இதற்கு விளக்கம் தரப்பட்டது. இது பின்னர் பொருத்திக் கொண்ட விளக்கம் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து.

திராவிட மூலம்

பாளிச் சொல்லைத் திராவிட மொழிகளிலிருந்து பெற்ற கடன்சொல்லாக மொழியியலாளர்கள் கருதுகின்றனர். அதன் இரண்டாம் பகுதி "வேர்" ஆகும். முதற்பகுதி "இஞ்சி" எனில், தொடக்கத்தில் சகரம் வந்தது எவ்வாறு?

தமிழ் உள்ளிட்ட தென் திராவிட மொழிகளில் பல சொற்கள் தம் முதலிலிருந்த சகரத்தை இழந்தன. தமிழில் "உப்பு" எனப்படுவது நடு இந்தியாவின் கோலாமி மொழியில் "சுப்" ஆகும். தமிழின் "ஆறு" என்னும் எண் கோண்டி மொழியில் "சாருங்" ஆகும். இவ்வாறே "இஞ்சி"யும் சகரத்தில் தொடங்கிய ஒரு பழைய வடிவத்திலிருந்து வந்திருக்க வேண்டும். தமிழ் இழந்த அவ்வொலியைப் பாளி காத்து வைத்துள்ளது.

ஒலி ஒற்றுமையும் சான்றும்

ஜெர்மன் மொழியில் இஞ்சியின் பெயர் "இங்வர்". கேட்பதற்கு இது "ஜிஞ்சர்" என்பதைவிட "இஞ்சிவேர்" என்பதற்கே நெருக்கமானது. ஆயினும் இதன் பழைய வடிவம் "கிங்கிபெரோ". முதல் மெய் ஜெர்மனியில்தான் உதிர்ந்தது. ஆகவே இரு சொற்கள் ஒத்து ஒலிப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. ஒவ்வொரு மொழியிலும் காலந்தோறும் பதிவான வடிவங்களும், அவற்றை இணைக்கும் ஒலிமாற்ற விதிகளுமே சான்றாகும்.