வேலையை விடச் சொல்றது யார்?

"வேலையை விட்டுடணும்னு தோணுது. இது கடவுள் குரலா, என் சலிப்பா?" உங்ககிட்டேருந்து அடிக்கடி வர்ற கேள்வி இது. தேர்ந்து தெளிதல்னு நாம சொல்றது இதைப் பிரிச்சுப் பார்க்கறதைத்தான்.

1521-ல் பாம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டு பட்டு, இஞ்ஞாசியார் லொயோலாவில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். படிக்க வீரசாகசக் கதை கேட்டார். கிடைச்சது இயேசுவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும். ஒரு சீமாட்டிக்காகச் சாகசம் பண்ற மாதிரி கனவு கண்டார், இனிச்சது. புனிதர்கள் மாதிரி வாழ்ற கனவும் இனிச்சது. ஆனா முதல் கனவு கலைஞ்சதும் மனசு வறண்டுபோச்சு. இரண்டாவதுல மகிழ்ச்சி தங்கிடுச்சு. கவனிங்க, வித்தியாசம் கனவு முடிஞ்ச பிறகுதான் தெரிஞ்சது.

பின்னாடி 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூல்ல அவர் வச்ச ஒரு விதி: மனசு வறண்டு கிடக்கும்போது, முன்னாடி அமைதியா எடுத்த முடிவை மாத்தாதே. அதுக்காக கையைக் கட்டிக்கிட்டு உட்காரவும் சொல்லல. அப்போ இன்னும் கொஞ்சம் கூடுதலா ஜெபிக்கச் சொல்றார்.

ஞாயிறு ராத்திரி டைப் பண்ற ராஜினாமா மெயிலுக்கும் இதே விதிதான். டிராஃப்ட்ல இருக்கட்டும். (ஆபீஸ்ல உங்களைத் துன்புறுத்துறாங்கன்னா அது வேற கதை, உடனே உதவி கேளுங்க.) மனசு தெளிஞ்ச ஒரு நாள் காலையில ஜெபிச்சுட்டு அதைத் திரும்பப் படிங்க. அப்பவும் அதே எண்ணம், பதற்றமில்லாம நிக்குதா?