வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே வானூர்திச் சேவை

வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே வானூர்திச் சேவை என்பது ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஓர்க்னி தீவுக்கூட்டத்தின் இரு தீவுகளை இணைக்கும் சேவையாகும். கால அட்டவணைப்படி இயங்கும் வானூர்திச் சேவைகளுள் உலகிலேயே மிகக் குறுகியது இதுவாகும். லோகன்ஏர் நிறுவனம் இதனை 1967 ஆம் ஆண்டு தொடங்கியது.

தொலைவும் நேரமும்

இரு வானூர்தி நிலையங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு சுமார் 2.7 கிலோமீட்டர் ஆகும். அட்டவணையில் குறிக்கப்படும் பயண நேரம் 2 நிமிடங்கள். தரையில் ஊர்ந்து செல்லும் நேரமும் இதில் அடங்கும். காற்று சாதகமாக வீசினால் பறக்கும் நேரம் ஒரு நிமிடத்திற்கும் குறைகிறது. பதிவான மிகக் குறைந்த நேரம் 53 நொடிகள். அதாவது சராசரியாக மணிக்கு 183 கிலோமீட்டர் வேகம்.

பயன்பாடு

பாப்பா வெஸ்ட்ரேயில் நூற்றுக்கும் குறைவானோரே வாழ்கின்றனர். ஆசிரியர்கள், மருத்துவப் பணியாளர்கள் முதலானோர் அங்கு சென்றுவர இச்சேவை உதவுகிறது.